பழைய வெளிநாட்டுக் காசுக்கு விலை பார்க்க நூமிஸ்டா போதுமா?

கையில் இருக்கும் வெளிநாட்டுக் காசு எந்த நாட்டுடையது, எந்த வகை என்று கண்டுபிடிக்க நூமிஸ்டாவைப் போல் கைகொடுக்கும் இலவசத் தளம் வேறில்லை. 2007-இல் பிரான்சில் தொடங்கிய இந்த இணையப் பட்டியலை சேகரிப்பாளர்களே வளர்த்து வருகிறார்கள். ஆனால் அது காட்டும் விலையை அப்படியே எடுத்துக்கொண்டு பேரம் பேசப் போகக் கூடாது.

எழுத்து படிக்க முடிகிற காசுக்கு நாடு, மதிப்பு, ஆண்டு மூன்றையும் கொடுத்தால் போதும். அரபி, ஜப்பானியக் காசுகளுக்குப் படத்தை வைத்துத் தேடலாம். வெள்ளைத் தாளில் காசை வைத்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பளபளப்பு விழுந்தால் சம்பந்தமில்லாத காசெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிறகு ஆண்டுக் கணக்கு: தாய்லாந்துக் காசில் உள்ள புத்த ஆண்டில் 543-ஐக் கழிக்க வேண்டும், ஜப்பானின் ஷோவா (ஹிரோஹிட்டோ பேரரசர் காலக் கணக்கு) ஆண்டோடு 1925-ஐக் கூட்ட வேண்டும். இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ சரியாக வரும். 1389 என்றால் 1969.

தளத்தின் பெரிய பலம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் காசுகளைத் தனித்தனிப் பக்கமாகப் பிரித்து வைத்திருப்பதுதான். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் ஷில்லிங்கை எடுத்துக்கொள்வோம். 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 50 சதவீதம்தான். இரண்டும் 5.66 கிராம் என்பதால் தராசு காட்டிக்கொடுக்காது, ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். 1947 முதல் ஷில்லிங்கில் வெள்ளியே கிடையாது. ஏழாம் எட்வர்ட் தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) டாலர் நேர்மாறு, எடையே மாறியது: 1903, 1904 காசுகள் 26.95 கிராம், 1907 முதல் 20.21 கிராம். பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்தவர்கள் வீடுகளில் இது இருக்க வாய்ப்புண்டு. பக்கத்தை மாற்றிப் பார்த்தால் விலையும் மாறிப்போகும். 1780 என்று போட்ட மரியா தெரேசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளிக் காசைப் பார்த்ததும் பரவசப்பட வேண்டாம். அதே ஆண்டைப் போட்டு பல நாடுகளில் பின்னாளில் அடித்திருக்கிறார்கள், 1940-41-இல் பம்பாய் நாணயச்சாலையிலும்கூட. மறு அச்சுக்குரிய பக்கத்தில்தான் விலை பார்க்க வேண்டும்.

இனி விலை அட்டவணை. உறுப்பினர்களின் மதிப்பீடும் இணைய விற்பனைகளும் சேர்ந்து வரும் உத்தேசக் கணக்கு அது. அதை நம்பி வாங்கவோ விற்கவோ வேண்டாம் என்று தளமே சொல்கிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் வி.எஃப். (ஓரளவு தேய்ந்தது), எக்ஸ்.எஃப். (லேசாகத் தேய்ந்தது), யு.என்.சி. (புழங்காத புதுக்காசு) என்று தரவாரியாக விலை இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். தலை உருவத்தில் முதலில் தேய்வது புருவமும் காதுக்கு மேலுள்ள முடியும். முடி இழை இழையாகத் தெரியாமல் ஒரே பரப்பாகிவிட்ட காசுக்கு யு.என்.சி. விலை கேட்பது வீண். புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்த காசுக்கு அட்டவணையின் எந்தக் கட்டமும் பொருந்தாது, தயவுசெய்து தேய்க்காதீர்கள். நன்றாகத் தேய்ந்த வெள்ளிக் காசுக்கு அதில் உள்ள வெள்ளியின் விலைதான் அடிப்படை. வியாபாரிக்கு லாபம் வேண்டும் என்பதால் அவர் வாங்கும் விலை அட்டவணைக்குக் கீழேதான் இருக்கும்.

0 முதல் 100 வரை போகும் அரிதுக் குறியீடும் ஏமாற்றக்கூடியது. உறுப்பினர்களிடம் அந்தக் காசு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துப் போடுவது அது. உறுப்பினர் குறைவான நாட்டின் சாதாரணச் சில்லறைக்கும் பெரிய எண் வரலாம். 90 இருந்தும் கேட்பாரில்லை என்றால் விலை இல்லை.

போலியைத் தளம் கண்டுபிடித்துத் தராது. அதில் போட்டிருக்கும் எடையையும் விட்டத்தையும் வைத்து நாம்தான் பிடிக்க வேண்டும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், நல்ல காந்தம், இவை மூன்றும் வேண்டும். ஆசிய வணிகத்துக்காக அடித்த பிரிட்டிஷ் டிரேட் டாலர் 26.95 கிராம், 90 சதவீதம் வெள்ளி. காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே தள்ளிவிடுங்கள். எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தும் 24 கிராம்தான் காட்டினால் அது தேய்மானமல்ல. எடை சரியாக இருந்தாலும் சந்தேகம் தீரவில்லையா? தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, தராசு காட்டும் எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். காசின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால், 90 சதவீத வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வரும். 9-க்குப் பக்கத்தில் நின்றால் அது செம்பு-நிக்கல்.