மெரன் டெக்கோடு நாலு வருஷம்: எந்த மனா அட்டை கைகொடுத்தது?

மதுரை அண்ணா நகரில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் நாலு பேர் ஞாயிறு சாயங்காலம் மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டு ஆடுகிறோம். சித்திரைத் திருவிழா வாரம் மட்டும் லீவு. ஆடுவது கமாண்டர் முறை: தலைமை அட்டையாக ஒரு கமாண்டர், அதோடு 99 அட்டை, ஆளுக்கு 40 உயிர். நாலு வருஷமாக என் டெக் (அட்டைக் கட்டு) கருப்பும் பச்சையும் கலந்த மெரன் என்ற கமாண்டருடையதுதான். மனா தரும் அட்டைகளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு: எதை இறக்கவும் மனா, அதாவது அட்டைக்கு விலையாகச் செலவழிக்கும் சக்தி வேண்டும். மனாவுக்கு ஆதாரம் லேண்ட் அட்டை. அதை டர்னுக்கு ஒன்றுதான் போட முடியும். அந்த வேகம் போதாமல்தான் மற்ற அட்டைகளைத் தேடுகிறோம்.

நான் முதலில் மயங்கியது டார்க் ரிச்சுவலில். ஒரு கருப்பு மனா கொடுத்தால் மூன்று கருப்பு மனா வரும். மெரனுக்கு நாலு மனா ஆகும். கையில் ஒரு ஸ்வாம்ப் (கருப்பு மனா தரும் லேண்ட்), ஒரு ஃபாரஸ்ட் (பச்சை மனா தரும் லேண்ட்), ஒரு ரிச்சுவல் இருந்தால் இரண்டாவது டர்னிலேயே அவளை இறக்கிவிடலாம். அப்படி இறக்கினேன். எதிரே இருந்தவன் ஒரே ஒரு வெள்ளை மனாவில், உயிரினத்தை அகற்றும் ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போட்டான். ஈடாக எனக்கு 3 உயிர் கூடியது, மெரன் போய்விட்டாள். கமாண்டரைத் திரும்ப இறக்க 2 மனா கூடுதல் என்பதால் விலை இப்போது ஆறு. என்னிடம் இருந்தது இரண்டு லேண்ட். ஆறாவது டர்ன் வரை மற்ற மூவரும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஆர்ட்டிஃபாக்ட் (மந்திரப் பொருள் அட்டைகள்) பக்கம் போனேன். சோல் ரிங்குக்கு ஒரு மனா செலவு, டர்னுக்கு இரண்டு மனா வரவு, போட்ட உடனே டாப் செய்யலாம், அதாவது அட்டையைச் சாய்த்து மனா எடுக்கலாம். அருமையான அட்டை, மறுப்பே இல்லை. ஆனால் 99-இல் ஒன்று முதல் ஏழு அட்டைக்குள் வருவது 14 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான். கோல்காரி சிக்னெட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒரு மனா வாங்கிக்கொண்டுதான் இரண்டு தரும். லேண்டை எல்லாம் டாப் செய்துவிட்டால் அது சும்மா கிடக்கும். ஆர்க்கேன் சிக்னெட்டில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டில் ஒன்று என்றால் அதையே வையுங்கள்.

ஆர்ட்டிஃபாக்டுகளின் பெரிய பலவீனம் வேண்டல்பிளாஸ்ட் என்ற அட்டை. ஐந்து மனா கொடுத்து அதை ஓவர்லோட் முறையில் போட்டால், போட்டவனுடையது தவிர மேஜையில் உள்ள அத்தனை ஆர்ட்டிஃபாக்டும் காலி. ஒரு ஞாயிறு எனக்கு நாலு ஒரே நேரத்தில் போனது. மிச்சம் மூன்று லேண்ட்.

விதி விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னது டெத்ரைட் ஷாமன் என்ற உயிரின அட்டை. மனா அபிலிட்டி (மனா தரும் ஒரு வகைத் திறன்) என்றால் ஸ்டாக்கில், அதாவது விளைவுகள் காத்திருக்கும் வரிசையில் ஏறாது, யாரும் குறுக்கே வர முடியாது. மனா தரும் உயிரினமான லானோவர் எல்வ்ஸை டாப் செய்வது அப்படித்தான். ஷாமனும் அப்படியே என்று நினைத்து மூன்று லேண்டோடு அவனையும் சாய்த்து மெரனை இறக்கப் போனேன்.

"மாப்ள, அது மனா அபிலிட்டி இல்ல. டார்கெட் இருக்கு பாரு" என்றான் எதிரே இருந்தவன்.

அட்டையை எடுத்துப் படித்தேன். கிரேவ்யார்டில் (பயன்படுத்தி முடிந்த அட்டைகளின் குவியல்) இருக்கும் ஒரு லேண்டை டார்கெட் செய்துதான் மனா எடுக்க வேண்டும். டார்கெட் இருந்தால் அது மனா அபிலிட்டி ஆகாது. அதனால் முன்கூட்டியே தனியாகப் போட்டு, அது ஸ்டாக்கில் முடியும்வரை காத்திருக்க வேண்டும். சரி என்று அப்படியே செய்தேன். அவன் தன் உயிரினமான ஸ்கேவெஞ்சிங் ஊஸுக்கு ஒரு பச்சை மனா கொடுத்து, நான் குறிவைத்த எவால்விங் வைல்ட்ஸ் லேண்டை எக்ஸைல் செய்து, ஆட்டத்தை விட்டே அகற்றிவிட்டான். மனாவும் இல்லை, மெரனும் இல்லை.

கடைசியில் நிலைத்தது சகுரா ட்ரைப் எல்டர் என்ற உயிரினம். ஆடுகிறவர்கள் ஸ்டீவ் என்று செல்லமாகக் கூப்பிடுவது இவரைத்தான். இரண்டு மனாவுக்கு இறங்கி, வருகிற அடியை பிளாக் செய்துவிட்டு, தன்னைப் பலி கொடுத்து ஒரு பேசிக் லேண்டை மேஜைக்குக் கொண்டுவருவார். அவரை டாப் செய்யத் தேவையில்லாததால் வந்த டர்னிலேயே வேலை செய்வார். பலிதான் விலை என்பதால் அவரைக் கொன்று அதைத் தடுக்கவும் முடியாது. மெரன் மேஜையில் இருந்தால் அவர் சாவதற்கே எனக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் (மெரன் சேர்த்துத் தரும் அனுபவப் புள்ளி) கிடைக்கும். கவுண்டர் இரண்டு ஆனதும் என் டர்ன் முடிவில் அவரை மேஜைக்கே திரும்பக் கொண்டுவரலாம். டர்னுக்கு ஒரு லேண்ட் கூடுதல்! அந்த லேண்டைத் தொட எங்கள் மாடியில் யாரும் மெனக்கெடுவதில்லை.

இப்போது டெக்கில் 38 லேண்ட், ஸ்டீவ், லேண்ட் தேடித் தரும் கல்டிவேட், சோல் ரிங், ஆர்க்கேன் சிக்னெட். ஷாமனை எடுக்க மனம் வரவில்லை, இருக்கிறான். போன ஐப்பசி மழையில் ஈரம் ஏறி என் ஃபாயில் (பளபளக்கும் பதிப்பு) சோல் ரிங் வில்லாக வளைந்துவிட்டது. பெங்களூரு போகும் நண்பனிடம் சாதாரணப் பிரதி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ரிச்சுவல், அட்டைகளைச் சேர்த்துவைக்கும் பைண்டருக்குள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.