தாலுகா அலுவலகத்துக்கு பி.எல்.டி.சி. ஃபேன்: வாங்கலாம், ரிமோட் வேண்டாம்

பசுமைக் கட்டடம் பற்றிப் பயிற்சி வகுப்பு என்றாலே டெல்லி இந்திரா பர்யாவரண் பவனைத் திரையில் காட்டிவிடுவார்கள். 2014இல் திறந்த கட்டடம், 930 கிலோவாட் சோலார், கிருஹா என்ற பசுமைத் தர மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொதுப்பணித் துறை மின்பிரிவில் என்னைப் போன்றவர்கள் கைக்கு வருவதெல்லாம் என்றோ கட்டி முடித்த தாலுகா அலுவலகமும் மாணவர் விடுதியும்தான். அங்கே ஏ.சி. தாசில்தார் அறையோடு சரி. மீதி எல்லோர் தலைக்கு மேலும் ஃபேன். அதைத்தான் பி.எல்.டி.சி. ஃபேனாக (பிரஷ் இல்லாத, நிரந்தரக் காந்த மோட்டார் உள்ளது) மாற்றினோம். டெண்டரில் வந்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது இந்த வகை ஃபேன் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் கணக்கு. பழைய 1200 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், புதியது 30 வாட் சுமார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் ஒரு ஃபேனுக்கு 8 யூனிட் மிச்சம். 60 ஃபேன் உள்ள அலுவலகத்தில் அது 480 யூனிட். பழைய மோட்டாரில், சுழலும் பாகத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் அதைக் காந்தமாக்க வேண்டும். அதில் கணிசமான மின்சாரம் சூடாகவே போய்விடும். புதியதில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அந்த நஷ்டம் இல்லை. வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் விகிதம் இன்னும் கூடும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் பெட்டி சூடேறிக்கொண்டிருக்கும், தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. மே மாத மதியத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கும்போது பழைய ஃபேன் சோம்பிவிடும். இது அதே வேகத்தில் சுற்றுகிறது. பட்டா மாறுதலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு யூனிட் கணக்கு எதற்கு, காற்று வந்தால் போதும்.

காற்றைப் பற்றி ஒரு புகாரும் வந்தது. "என்ன சார், காத்தே வரல?" என்று மாட்டிய அன்றே ஹெட் கிளார்க் கேட்டார். காற்று வேகமானியில் பார்த்தால் காற்று குறையவில்லை, சத்தம்தான் குறைந்திருக்கிறது. கடகடவென்ற சத்தம் இருந்தால்தான் ஃபேன் ஓடுவதாக நம்பிக்கை. இருந்தாலும் வாங்கும்போது காற்றின் அளவைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்து வருவதுதான் அந்த நட்சத்திரம். 2023இல் வந்த அளவுகோலில், இந்த அளவு ஃபேனுக்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் ஐந்து. 35 வாட்டில் 210 கன மீட்டர் தருவது அந்தக் கோட்டில் நிற்கும். கூரை உயரமான பழைய கட்டடத்துக்கு 210 போதாது, 230 கேட்டு எழுதுங்கள். வாட் இரண்டு கூடினாலும் பரவாயில்லை.

இப்போது ரிமோட். வீட்டுக்கு அருமை, அரசு அலுவலகத்துக்குத் தொல்லை. ஒரே மாதிரி ஃபேன் பன்னிரண்டு ஒரே ஹாலில் இருந்தால் எந்த ரிமோட்டை அழுத்தினாலும் பக்கத்தில் உள்ள மூன்று நான்கு ஃபேனுக்கும் கேட்கும். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தன் ஃபேனைக் கூட்டினால் எதிர் மேஜையில் சிட்டா நகல்கள் பறக்கும். சண்டையைத் தவிர்க்க எல்லா ரிமோட்டையும் ஒரு டிராயரில் போட்டுப் பூட்டினார்கள். சாவி வைத்திருப்பவர் லீவு போட்டால் அன்று முழுக்க எல்லோருக்கும் ஒரே வேகம். பேட்டரி தீர்ந்தால் எந்தச் செலவினத்தில் வாங்குவது என்று அதற்கு ஒரு ஃபைல் வேறு. சுவரில் ரெகுலேட்டரோடு வரும் மாடலும், சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும் மாடலும் சந்தையில் உண்டு. அடுத்த எஸ்டிமேட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும். சும்மா விட்டால் பழக்க தோஷத்தில் யாராவது திருகுவார்கள். ஃபேன் தடுமாறும், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கும் ஆகாது. ஓட்டுக் கூரைக் கட்டடங்களில் ஐந்தடி ராடு தொங்கும். புது ஃபேனோடு வருவது ஒரு அடி ராடு, பழைய ராட்டின் துளையும் சேராது. நீள ராடுக்குத் தனியாக ஒரு வரி போடாத எஸ்டிமேட் பாதி வேலையில் நிற்கும்.

பழுது பார்ப்பதுதான் உண்மையான குறை. பழைய ஃபேன் எரிந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் காயில் கட்டி மறுநாள் மாட்டிவிடலாம். இதில் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். இடி விழுந்த ஒரு இரவில் ஒரே வரிசையில் மூன்று போயின. உத்தரவாதம் இருந்தது, போர்டு வரத்தான் வாரக்கணக்கானது. நூற்றுக்கு ஐந்து உதிரி போர்டு சேர்த்துத் தர வேண்டும் என்று டெண்டரிலேயே போட்டுவிடுங்கள்.

விலை சாதாரண ஃபேனைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூட இருக்கும். அது ஒன்றும் பெரிய தடை இல்லை, தடை வேறு. ஃபேன் வாங்குவது எங்கள் துறை, கரண்ட் பில் கட்டுவது அலுவலகத்தை நடத்தும் துறை. மிச்சமாகும் ரூபாய் எங்கள் கணக்கில் எங்கேயும் தெரியாது. அதனால் எல்-ஒன்னில், அதாவது டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே என்ற முறையில், விலை குறைந்த ஃபேனையே வாங்க மேலே இருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் முதலில் தானே முதல் போட்டு, மிச்சமாகும் பில்லிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் முறையை வைத்திருப்பது இந்தச் சிக்கலுக்கு உதவும். சின்ன அலுவலகம் தனியாக அதைக் கேட்டுப் போக முடியாது, மாவட்டம் முழுவதையும் சேர்த்துக் கேட்டால் பேசலாம்.

இன்னொன்று, கழற்றிய ஃபேன்கள். கழிவுப் பட்டியலில் ஏற்றி ஏலம் விட ஆறேழு கையெழுத்து வேண்டும். அதற்குள் "நல்லாத்தானே ஓடுது" என்று பின்கட்டு ரெக்கார்ட் ரூமிலும் டிரைவர் அறையிலும் மாட்டிவிடுகிறார்கள். முன்பு ஃபேனே இல்லாத இடங்கள் அவை! மனிதாபிமானமாகப் பார்த்தால் தப்பில்லை, மீட்டர் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. அந்த அறைகளையும் எண்ணிக்கையில் சேர்த்துப் புதியதையே வாங்கிவிடுவது மேல்.

பொருளுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விடுதிக்கு வாங்குபவர்கள் இரவில் ஃபேனின் அடியில் எரியும் சின்ன விளக்கை அணைக்க வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் விடுதிப் பையன்கள் அதில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.