சார்லி வாட்ஸுக்குப் பிறகு ஸ்டோன்ஸ்: 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வாங்கலாமா, எந்த வடிவில்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' நல்ல ஆல்பம். 2025-ல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் எல்பியா (வினைல் இசைத்தட்டு), சிடியா, இரண்டு சிடி கொண்ட லைவ் எடிஷனா என்பதை யோசித்து வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற கடற்கரை ஊரில் எல்பி வாங்குபவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

ஆல்பம் வெளிவந்தது 2023 அக்டோபர் 20. மொத்தம் 12 பாட்டு, 48 நிமிடத்துக்குச் சற்று மேல். சொந்தப் பாட்டுகளோடு இவர்கள் இதற்கு முன் போட்ட ஆல்பம் 2005-ல் வந்த 'எ பிகர் பேங்'. நடுவில் 2016-ல் வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகள். இந்த 18 வருட இடைவெளியில்தான் சார்லி வாட்ஸ் போனார். 1963 தொடக்கத்திலிருந்து ஸ்டோன்ஸின் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர், 2021 ஆகஸ்ட் 24 அன்று லண்டனில், 80 வயதில் காலமானார். தென்னாப்பிரிக்காவில் ஸ்டோன்ஸை நேரில் கேட்டவர்கள் பெரும்பாலும் 1995 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் கேட்டவர்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கலைஞர்களின் புறக்கணிப்பு இருந்ததால், 1994 தேர்தல் முடிந்த பிறகே அது நடந்தது. அன்று டிரம்ஸில் இருந்தவர் சார்லி. அந்த வாசிப்பை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைப் போட்டால் முதல் பாட்டிலேயே வித்தியாசம் காதில் விழும்.

அந்த வித்தியாசம் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண ராக் டிரம்மர் வலக்கையால் ஹை-ஹாட்டை (காலால் திறந்து மூடும் ஜோடி உலோகத் தாளம்) எட்டு எட்டாக நிறுத்தாமல் தட்டுவார். நான்கு தட்டுத் தாளத்தில் இடக்கை 2-ம் தட்டிலும் 4-ம் தட்டிலும் ஸ்னேரில் (சடசடவென ஒலிக்கும் சின்ன டிரம்) விழும். அந்த இரண்டு தட்டிலும் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்தே ஒலிக்கும். சார்லி அப்படி வாசிக்கமாட்டார். ஸ்னேர் விழும் கணத்தில் வலக்கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார். அதனால் ஸ்னேர் தனியாக, சுற்றிலும் கொஞ்சம் காற்றோடு விழும். ஒரு சின்னத் தயக்கமும் அதில் சேரும். ஸ்டோன்ஸ் பாட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதுபோல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் டிரம்மர் காலப்பிரமாணத்தைப் பிடிப்பார், மற்றவர்கள் அவரோடு போவார்கள். ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் முன்னால் போகும், சார்லி அதைப் பார்த்து வருவார். நாதஸ்வரக்காரரின் முகத்தைப் பார்த்தபடியே வாசிக்கும் தவில்காரரைக் கோயிலில் கவனித்திருப்பீர்கள். அதே உறவு. கிட்டாருக்கும் ஸ்னேருக்கும் நடுவில் விழும் அந்த மயிரிழை இடைவெளியை வேறொருவர் அப்படியே படியெடுக்க முடியாது.

ஸ்டீவ் ஜோர்டன் அதைப் படியெடுக்க முயலவில்லை. இந்த ஆல்பத்தின் பெரிய நல்ல விஷயம் அதுதான். அவர் இவர்களுக்குப் புது ஆள் இல்லை. 1988-ல் கீத் தனியாகப் போட்ட 'டாக் இஸ் சீப்' ஆல்பத்தில் கூடவே எழுதி, தயாரித்து, வாசித்தவர். 2021-ல் உடல்நலம் சரியில்லாமல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு வர முடியாது என்றானபோது, தனக்குப் பதில் உட்காரச் சொல்லி சார்லியே கேட்டுக்கொண்டவர். ஜோர்டனின் ஸ்னேர் இறுக்கமானது. அடி நேராகத் தட்டின் மேல் விழும், பின்னால் சாயாது. 'பைட் மை ஹெட் ஆஃப்' போன்ற வேகமான பாட்டுக்கு அது கச்சிதம். அதில் பேஸ் கிட்டார் வாசிப்பது பால் மெக்கார்ட்னி. வேண்டுமென்றே கரகரப்பாக்கிய அந்த பேஸுக்குக் கீழே தாளம் ஆடாமல் நின்றால்தான் பாட்டு நிற்கும்.

'ஹோல் வைட் வேர்ல்ட்' வேறு கதை. நேரான அடி, அதன் மேல் அடுக்கடுக்காகக் கிட்டார், அதற்கும் மேல் மெருகு. ஆடி அசைய இடமே இல்லை. இதில் குறை ஜோர்டனுடையது என்று நான் நினைக்கவில்லை. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் எல்லாக் கருவியையும் ஒரே உயரத்துக்கு இழுத்து நிறுத்திவிட்டார்.

சார்லி வாசித்தது 12-ல் இரண்டே பாட்டு: 7-வதாக வரும் 'மெஸ் இட் அப்', 8-வதாக வரும் 'லிவ் பை தி ஸ்வோர்ட்'. இரண்டும் 2019-ல் பதிவானவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நல்ல முடிவு, கேட்பவருக்கு ஒப்பிட வசதி. 6-வது பாட்டான 'ட்ரீமி ஸ்கைஸ்' முதல் 9-வதான 'டிரைவிங் மீ டூ ஹார்ட்' வரை நான்கையும் ஹெட்போனில் ஒரே மூச்சில் கேளுங்கள். முதலும் கடைசியும் ஜோர்டன், நடுவில் இரண்டும் சார்லி. பாட்டை விட்டுவிட்டு 2-ம் 4-ம் தட்டை மட்டும் கவனியுங்கள். 'மெஸ் இட் அப்' நடனத் தாளம் என்பதால் அதில் சார்லியின் அடையாளம் அவ்வளவாக எடுபடாது. 'லிவ் பை தி ஸ்வோர்ட்' வந்ததும் தெரிந்துவிடும். அந்தப் பாட்டில் பேஸ் வாசிப்பது 1993-ல் குழுவை விட்டுப்போன பில் வைமன், பியானோ எல்டன் ஜான். சார்லியும் வைமனும் மீண்டும் ஒரே பாட்டில் சேர்ந்திருப்பதற்காகவே இந்த ஆல்பத்தை அலமாரியில் வைக்கலாம்.

ஆளை இழந்த குழுக்கள் எல்லாம் ஒரே வழியில் போனதில்லை. டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்ததும் லெட் செப்பலின் கடையைக் கட்டிவிட்டது. அதே வருடம் பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி ஜூலையிலேயே 'பேக் இன் பிளாக்' போட்டது. அதே குழுவின் கிட்டார்காரர் மால்கம் யங் 2017-ல் இறந்தபின் அவர் விட்டுப்போன கிட்டார் ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகள்) வைத்தே 2020-ல் 'பவர் அப்' செய்தார்கள். ஸ்டோன்ஸ் போனது நடுவழி: போனவரின் வாசிப்பு இரண்டு பாட்டில், மற்றதெல்லாம் புது ஆளின் கையில், அவருக்கே உரிய முறையில். எனக்கு இதுவே நேர்மையான வழியாகப் படுகிறது.

இனி வாங்கும் விஷயம்.

சிடியில் ஒலி மிகவும் அழுத்தப்பட்டிருக்கிறது. மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் குறைவு. காரில் கேட்க நன்றாக இருக்கும், வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் முழுதாகக் கேட்டால் நாலைந்து பாட்டுக்குள் காது களைத்துவிடும். ஒலியளவை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்தால் தாங்கும். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் செயலியின் ஒலிச் சமன்படுத்தலை அணைக்காமல் விட்டுவிடுங்கள். மற்ற ஆல்பங்களோடு ஒத்துப்போகும் அளவுக்கு அதுவே இறக்கிவிடும்.

எல்பி ஒரே தட்டு. பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏறத்தாழ 24 நிமிடம். இது நீளம். 33⅓ வேகத்தில் ஒரு பக்கம் 18 முதல் 20 நிமிடம் வரை இருந்தால் ஊசி ஓடும் தடங்களைத் தாராளமாக வெட்டலாம். அதைத் தாண்டினால் தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும். அதனால் இந்த எல்பியில் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். கூட்டினால் தூசியின் சடசடப்பும் சேர்ந்து கூடும். உறையைப் பிரித்த உடனே ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

இரண்டாம் பக்கத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் தடம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும். மையத்தை நெருங்கும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியை, முன்பிருந்ததில் பாதியைவிடக் குறைவான நீளத்தில் எழுத வேண்டும் என்று அர்த்தம். உரத்த, கூரிய ஒலிகள் அங்கேதான் கிழியும். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. ஸ்டீவி வொண்டர் கீபோர்டில், லேடி காகா குரலில், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கிளம்பி உச்சத்துக்குப் போகும். ஆல்பத்தின் சிகரம் அது, ஜோர்டனின் மிகச் சிறந்த வாசிப்பும் அதில்தான். அந்த உச்சம் விழுவது பக்கத்தின் கடைசியில், ஊசி உள்தடங்களில் இருக்கும்போது. அதற்கும் உள்ளே கடைசிப் பாட்டாக 'ரோலிங் ஸ்டோன் ப்ளூஸ்' வருகிறது. மட்டி வாட்டர்ஸின் பாட்டு, குழுவுக்குப் பெயர் கிடைத்ததே இதிலிருந்துதான். இரண்டே பேர்: மிக் ஜாகரின் குரலும் மௌத் ஆர்கனும், கீத்தின் கிட்டாரும். டிரம்ஸே கிடையாது. மெலிந்த பாட்டு என்பதால் உள்தடத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது.

காகாவின் மேல் ஸ்தாயி கரகரத்தால் உடனே தட்டைக் குறை சொல்லவேண்டாம். முதலில் ஊசியைப் பாருங்கள். உருண்டை முனை ஊசி உள்தடங்களில் திணறும், நீள்வட்ட முனை பரவாயில்லை, மைக்ரோலைன் முனை இன்னும் நன்றாகத் தொடரும். ஊசி அழுத்தத்தைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து வையுங்கள். பரவலாகப் புழங்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 2 கிராம். தட்டுக்குக் கேடு வரும் என்று பயந்து 1.5 கிராமுக்கு இறக்குகிறார்கள். அது தவறு. லேசான ஊசி தடத்தில் துள்ளும், துள்ளும் ஊசிதான் சுவரைச் சிதைக்கும். கார்ட்ரிட்ஜின் கோணத்தை அச்சடித்த அளவுத்தாள் வைத்து சரிபாருங்கள், ஆன்டி-ஸ்கேட்டையும் (ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) அழுத்தத்துக்குச் சமமாக வையுங்கள். இத்தனைக்கும் பிறகும் கிழிந்தால் கடையில் மாற்றிக் கேட்கலாம்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பன் புழுக்கத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும், அங்கிருந்து தட்டுக்கும் ஏறும். உள்ளே வரும் காகித உறையை எடுத்துவிட்டு நிலைமின் பிடிக்காத பிளாஸ்டிக் உள்ளுறை போடுங்கள். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், மழை வாங்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்கவேண்டாம். கழுவ, வடிநீர் 4 பங்குக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் 1 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி. கடைசியில் வெறும் வடிநீரில் அலசல். இந்தக் கலவையைத் தாத்தா காலத்து 78 வேகத் தமிழ்த் தட்டுகள் மேல் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவை ஷெல்லாக், ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. மலிவான இன்வெர்ட்டர் தரும் படிக்கட்டு வடிவ மின்சாரத்தில் ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் 'உம்ம்' என்று இரையும், ஏசி மோட்டார் உள்ள டர்ன்டேபிள் அதிரும், சூடாகும். சுத்த சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வேண்டும். அடாப்டரில் ஓடும் டிசி மோட்டார் டர்ன்டேபிளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மின்சாரம் திரும்பும் கணத்தில் வரும் அதிர்ச்சிக்குப் பாதுகாப்பு பிளக் எல்லாருக்கும் அவசியம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15% வாட் வரியும் அஞ்சல் செலவும் சேரும், அதனால் உள்ளூர்க் கடையில் கொஞ்சம் விலை கூடினாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். கடையில் வாங்கும்போது தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரியும். வாங்கியதும் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நிறத் தட்டுகள் பல வந்திருக்கின்றன, கூடுதல் விலை நிறத்துக்கு மட்டும்தான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் பரிந்துரை எல்பி இல்லை, 2023 டிசம்பரில் வந்த லைவ் எடிஷன். இரண்டாம் சிடியில் ஆல்பம் வெளியாவதற்கு முந்தைய இரவு நியூயார்க்கின் ராக்கெட் என்ற சின்ன அரங்கில் வாசித்த ஏழு பாட்டு இருக்கின்றன. ஸ்டுடியோ மெருகு இல்லாத 'ஹோல் வைட் வேர்ல்ட்' அங்கே மூச்சு விடுகிறது. பழைய பாட்டுகளில் 'டம்ப்ளிங் டைஸ்' இருக்கிறது. 1972-ல் வந்த அந்தப் பாட்டின் முடிவுப் பகுதி சார்லிக்குப் பிடிபடாமல், தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரே உட்கார்ந்து வாசித்தார். ஜோர்டன் அந்த இடத்தை எப்படிக் கடக்கிறார் என்பதைப் பழைய பதிவோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.