4கே என்ற பெயரில் வந்த ரெண்டர் படங்கள்: வீட்டு உள்ளலங்காரம் செய்யவிருப்போர் கவனத்திற்கு

மேடவாக்கத்தில் வாங்கிய எங்கள் வீட்டின் உள்ளலங்காரத்தை ஒரு டிசைனரிடம் ஒப்படைத்தோம். வேலை முடிந்தால் வீடு எப்படி இருக்கும் என்று கணினியில் உருவாக்கிக் காட்டும் ஆறு ரெண்டர் படங்களும், சமையலறையைச் சுற்றிச் சுழற்றிப் பார்க்க ஒரு 360 டிகிரி பனோரமாவும் 4கே தரத்தில் (அதாவது 3840×2160 பிக்சல், படத்தின் புள்ளிகள்) தருவதாகச் சொல்லி, வேலை தொடங்குமுன்பே 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

படங்களைக் கணினியில் திறந்தபோது அளவு 3840×2160 என்றே காட்டியது. ஆனால் ஏ3 தாளில் அச்செடுத்துப் பார்த்தால், அலமாரிக் கைப்பிடிகள் கரைந்த மெழுகைப் போலவும், லேமினேட்டின் மரவரிகள் வெறும் பழுப்புப் பூச்சாகவும் இருந்தன. பலமுறை வற்புறுத்திய பிறகு அனுப்பிய மூலக் கோப்பின் அளவு 1280×720. அதை நீள அகலத்தில் மும்மடங்காக இழுத்துத்தான் 4கே என்று கொடுத்திருக்கிறார். அதாவது, உண்மையாகக் கணக்கிடப்பட்ட பிக்சல்கள் ஒன்பதில் ஒரு பங்குதான். பிக்சல் கூடக்கூட ரெண்டர் ஆகும் நேரமும் கூடும் என்பதால், இந்தக் குறுக்குவழியில் அவருக்கு மிச்சம் அதிகம்.

பனோரமாவின் கதை இன்னும் மோசம். முழுக் கோளக் காட்சிக்கான படம் 2:1 விகிதத்தில் இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் 2048×1024 அளவில். 360 டிகிரியும் அந்த 2048 பிக்சலுக்குள் அடங்குவதால், ஒரு நேரத்தில் நாம் பார்க்கும் 90 டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 512 பிக்சல்தான். அடுப்பு மேடைக்கு மேலிருந்த பிளக் பாயிண்டுகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. எது எங்கே வருகிறது என்று பார்க்கத்தானே பனோரமா கேட்டோம்? 4கே என்று சொல்லி 4096×2048 தந்திருந்தால்கூட 90 டிகிரிக்கு 1024தான் கிடைத்திருக்கும் என்பதால், பனோரமாவுக்கு 4கே என்ற சொல்லை நம்பாமல் 8192×4096 என்று எண்ணாகவே கேளுங்கள்.

ஆனால் எங்களுக்குக் கைப்பணம் செலவு வைத்தது படத்தின் அளவன்று, கேமரா. பத்தடி அகலப் படுக்கையறை ரெண்டர் படத்தில் கல்யாண மண்டபம் போல விரிந்திருந்தது. கணினியில் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, குறுக்கே வரும் சுவரை மட்டும் மறைத்துவிட்டு, மிக அகலமான கோணத்தில் எடுத்த காட்சி அது என்பது பின்னரே புரிந்தது. ஐந்தடிக் கட்டில், ஒன்றேகால் அடிப் பக்கமேசை, இரண்டடி ஆழ அலமாரி ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றேமுக்கால் அடி. அலமாரியின் இரண்டடிக் கதவு அதில் முழுதாகத் திறக்காது. இந்தக் கூட்டலை நானே போட்டிருக்க வேண்டும், படத்தின் அழகில் மயங்கிவிட்டேன்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன், ரெண்டர் செய்யப்படும் அளவை நீள அகல எண்களில் எழுதி வாங்குங்கள். ஒரு படத்தையாவது கண்மட்ட உயரத்தில், அறைக்குள்ளேயே நிற்கும் கேமராவிலிருந்து கேளுங்கள், அளவுகள் குறித்த தரைப்படத்தையும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டிசைனர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அலமாரிக் கதவைக் கழற்றி, தள்ளு கதவு போட்டுக்கொண்டோம். அந்தச் செலவும் எங்களுடையதே.