நுண்ணோக்கிப் படங்கள்: ஒளியா, எலக்ட்ரானா?

கொசுவின் கூட்டுக்கண்ணை, ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களால் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பார்த்தால் அசந்துபோவோம். வரிசை பிசகாத சிறு குமிழ்கள், முன்னும் பின்னும் ஒரே கூர்மை. ஒளி நுண்ணோக்கி இதற்கு ஈடுகொடுக்காது. சுமார் 200 நானோமீட்டரைவிட (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருங்கிக் கிடக்கும் இரு புள்ளிகளை அதன் லென்ஸ் பிரித்துக் காட்டாது. இந்த எல்லையின் காரணத்தை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். எலக்ட்ரான் கற்றையோ சில நானோமீட்டர் வரை இறங்கும்.

அதற்குக் கொடுக்கும் விலைதான் எனக்கு உறுத்துகிறது. பொதுவாக மாதிரியை உலர்த்தி, தங்கம் போன்ற உலோகத்தை மெல்லியதாகப் பூசி, வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உயிரோடு எதையும் பார்ப்பது மிக அரிது. படமும் கறுப்பு வெள்ளைதான். நாம் பார்க்கும் வண்ணமெல்லாம் பிறகு கணினியில் தீட்டியது.

ஒளி நுண்ணோக்கியில் வண்ணம் பொருளிலிருந்தே வருகிறது. வைட்டமின் சி கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் உலரவிடுங்கள். மேலும் கீழும் இரண்டு போலரைசர்களை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்) வைத்து, ஒன்றைத் திருப்பிக்கொண்டே வந்தால் பின்புலம் இருண்டுவிடும், படிகங்கள் மட்டும் மயில்தோகையாக விரியும். சாயம் ஒரு துளியும் கிடையாது. படிகத்துக்குள் ஒளி இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு வேகத்தில் போய், மீண்டும் சேரும்போது பிறக்கும் நிறங்கள் அவை. தடிமன் கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறும்.

உயிருள்ளவற்றுக்கு இருள்புல ஒளியமைப்பு போதும்: ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து விட்டால் பின்புலம் கறுத்து, பொருள் மட்டும் ஒளிரும். குளத்து நீரில் வால்வாக்ஸ் என்ற பாசி பச்சைப் பந்தாக உருளும். டையாட்டங்கள் என்ற ஒருசெல் பாசிகளின் சிலிக்கா ஓடு கருமையில் மின்னும். குறை ஒன்று உண்டு: குவியத்தின் ஆழம், அதாவது ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும் தடிமன், மிகக் குறைவு. அசையாத பொருளென்றால் பல அடுக்குகளாக எடுத்து இணைக்கலாம், நீந்தும் உயிரிடம் அது பலிக்காது. ஒளிரும் சாயமிட்டு எடுக்கும் படங்களும் அழகுதான், ஆனால் அவற்றில் நிறத்தைப் பெரும்பாலும் ஆய்வாளரே தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டும் தேவைப்படும் இடம் மார்ஃபோ பட்டாம்பூச்சியின் இறகு. அந்த நீலத்துக்குக் காரணம் நிறமி இல்லை, செதில்களின் மேல் வயல்வரப்புபோல் எழும் நுண்ணிய வரம்புகள். எலக்ட்ரான் படத்தில் வரம்புகள் தெரியும், நீலம் இருக்காது. ஒளிப் படத்தில் நீலம் இருக்கும், வரம்புகளின் அடுக்கு தெரியாது. ஒன்றை மட்டும் எடு என்றால், நான் நீலத்தையே எடுப்பேன்.