ரிச்சி ஸ்ட்ரீட்: ஜிபிஎஸ் கோளாறுக்கு நம்பிப் போகலாம்

பைக் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு மேப் சரியாக இருந்தால்தான் பிழைப்பு. வேறொரு இடத்தில் பின்மூடி மாற்றியதிலிருந்து என் போனில் லொகேஷன் கெட்டுவிட்டது. மவுண்ட் ரோட்டில் நின்றால் நீலப் புள்ளி கூவத்துக்குள் காட்டும். வீட்டில் வைஃபை இருந்தால் மட்டும் ஓரளவு தேவலை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிற இந்த மொபைல் ரிப்பேர் கடை அண்ணன் எடுத்தவுடன் போனைப் பிரிக்கவில்லை. லொகேஷன் அனுமதி, பேட்டரி சேவர் எல்லாம் பார்த்தார். அப்புறம் 'ஜிபிஎஸ் டெஸ்ட்' செயலியைப் போட்டுக்கொண்டு தெருவில் வெயிலுக்கு வந்தார். திறந்த வெளியில் வலு 35, 40 என்று காட்ட வேண்டிய சாட்டிலைட் சிக்னல் ஒன்றுகூட 20-ஐத் தாண்டவில்லை. "சாஃப்ட்வேர் இல்ல தம்பி, ஆன்டெனா தொடல" என்றார்.

பிரித்தால் அதேதான். ஆன்டெனாவைத் தொட வேண்டிய பொடி ஸ்பிரிங் தகடு ஒன்று மடங்கி, கறுத்துக் கிடந்தது. ட்வீசரால் நிமிர்த்தி, ஐபிஏ (சுத்தம் செய்யும் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தார். மூடிய பிறகு மறுபடி வெயிலில் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார், 300 ரூபாய். போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன், அவர் சொல்லவில்லை.

உட்கார இடம் கிடையாது. சனிக்கிழமை கூட்டம் நெரியும், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.