துறைமுக மூழ்குபணியும் ஆழ்கடல் அழுத்த அறைப் பணியும்

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலோடு வளர்ந்த இளைஞர் ஒருவர் மூழ்குபணியைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால், அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்துக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சோதிப்பது. மற்றொன்று, மும்பை ஹை போன்ற எண்ணெய் வயல்களில் செய்யப்படும் சாச்சுரேஷன் டைவிங்; அதாவது, உடலில் வாயு நிறைவுறும் அளவுக்கு ஆழ்கடல் அழுத்தத்திலேயே நாள்கணக்கில் தங்கிச் செய்யும் மூழ்குபணி.

துறைமுகத்தில் ஆழம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கலங்கிய நீரில் விரல்களே கண்கள். கப்பலின் கடல்நீர் உறிஞ்சு வாயோ, அனல்மின் நிலையத்தின் நீரேற்றுக் குழாயோ இயங்கத் தொடங்கினால், அழுத்த வேறுபாடு ஆளை இழுத்து ஒட்டிவிடும். மேலிருந்து பலர் சேர்ந்து கயிற்றை இழுத்தாலும் விடுபடுவது அரிது. பம்புகளையும் புரொப்பெல்லரையும் நிறுத்திப் பூட்டிய பிறகே இறங்க வேண்டும்.

சாச்சுரேஷன் பணியாளரோ கப்பலிலுள்ள அழுத்த அறையிலேயே வாரக்கணக்கில் தங்கி, ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார். குரல் கீச்சுக்குரலாகிவிடும். ஹீலியம் உடல் வெப்பத்தை விரைவாகப் பறிப்பதால், நீருக்குள் இறங்கும்போது உடைக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 100 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்திலிருந்து, உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறி, இயல்பு நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ நான்கு நாள்கள் ஆகும். வீட்டில் சாவு விழுந்தாலும் அதற்குமுன் வெளியே வர முடியாது. 1983 நவம்பரில் வடகடலின் பைஃபோர்டு டால்ஃபின் என்ற எண்ணெய்த் துளையிடு ரிக்கில், அறையின் அழுத்தம் நொடியில் வெளியேறியதால் ஐவர் இறந்தனர்.

ஊதியம் இரண்டாவதில் பன்மடங்கு. ஆயினும் புதியவருக்கு முதலாவதையே பரிந்துரைப்பேன். ஆபத்து நேர்ந்தால் உடனே இறங்கி மீட்கக் காத்திருப்பு மூழ்குநர் ஒருவரைத் தயாராக நிறுத்தாத ஒப்பந்ததாரரிடம் மட்டும் வேண்டாம்.